பள்ளியில் திடீர் ஒவ்வாமை: 'அவில்' கொடுத்தா போதுமா? முதல் 5 நிமிடத்தில் என்ன செய்யணும்?

2017 ஜூன் 28. மேற்கு லண்டனில் ஒரு பள்ளி. இடைவேளையின்போது ஒரு மாணவன் சின்ன சீஸ் துண்டு ஒன்றை 13 வயது சக மாணவன் மீது வீசினான். அது கழுத்தில் பட்டது. அந்த மாணவனுக்கு பால் பொருட்கள், கோதுமை, முட்டை, கொட்டை வகைகள் எல்லாமே ஒவ்வாமை. அரிப்பு தொடங்கியதும் அவன் பள்ளி அலுவலகத்துக்கு வந்தான். அங்கிருந்தவர்கள் அலர்ஜி மருந்து கொடுத்தார்கள், ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் கொடுத்தார்கள், கடைசியில் அட்ரினலின் ஊசியும் போட்டார்கள். ஆனால் பள்ளியில் இருந்த அந்த ஊசி காலாவதியாகி ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. மூச்சு நின்று, இதயம் நின்று, 10 நாட்கள் மருத்துவமனையில் இருந்த பிறகு அந்த மாணவன் இறந்துபோனான்.

2019-ல் நடந்த மரண விசாரணையில் இரண்டு விஷயங்கள் வெளியே வந்தன. சீஸை வீசிய மாணவனுக்கு, இது உயிரைப் பறிக்கும் என்றே தெரியாது. இரண்டாவது, அந்தப் பள்ளியில் ஒவ்வாமை உள்ள மாணவனுக்கான ஏற்பாடு போதுமானதாக இல்லை என்று விசாரணை அதிகாரி சொன்னார். தோலில் பட்ட உணவால் மட்டும் ஒருவர் இறப்பது மிக மிக அரிது. பெரும்பாலும் வாய் வழியாகப் போவதுதான் ஆபத்து. அதனால் இந்தச் செய்தியைப் படித்துவிட்டு பக்கத்து பெஞ்ச் டிபன் பாக்ஸைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. கவனிக்க வேண்டியது அந்த அலுவலக அறையில் நடந்ததைத்தான். எந்த மருந்து முதலில், எது கடைசியில், அது வேலை செய்யும் நிலையில் இருந்ததா?

இதே கேள்விகளை தமிழ்நாட்டுப் பள்ளி ஒன்றில் கேட்டால் என்ன பதில் வரும்?

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

'ஒத்துக்காது' என்று நாம் சொல்லும் வார்த்தைக்குள் நிறைய விஷயங்கள் அடங்கிவிடுகின்றன. கத்திரிக்காய் சாப்பிட்டா அரிக்குது, பால் குடிச்சா வயிறு உப்புது, கருவாடு ஒத்துக்காது, தயிர் சளி பிடிக்கும் என எல்லாமே ஒரே வார்த்தைதான். பேச்சில் இது வசதி. மருத்துவத்தில் இதுவே சிக்கல். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரை செரிக்காமல் வயிறு உப்புவது வேறு. பாலில் உள்ள புரதத்தை உடம்பு எதிரியாக நினைத்துத் தாக்குவது வேறு. முதலாவதில் அவஸ்தை மட்டும்தான், இரண்டாவதில் உயிரே போகலாம். 'லாக்டோஸ் இல்லாத பால்' என்று விற்கப்படுவதில் சர்க்கரைதான் உடைக்கப்பட்டிருக்கும், புரதம் அப்படியே இருக்கும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அதைக் கொடுத்தாலும் அதே ஆபத்துதான்.

தீவிர ஒவ்வாமை எதிர்வினைக்கு மருத்துவத்தில் அனாபிலாக்ஸிஸ் என்று பெயர். ஏற்கனவே ஒரு பொருளை எதிரியாகப் பதிவு செய்து வைத்திருக்கும் உடம்பில் அதே பொருள் மறுபடி நுழைந்தால், மாஸ்ட் செல்கள் என்ற அணுக்கள் ஹிஸ்டமின் உள்ளிட்ட வேதிப்பொருட்களை ஒரே நேரத்தில் கொட்டித் தீர்க்கின்றன. ரத்தக் குழாய்கள் விரிந்து, அவற்றின் சுவர் சல்லடை மாதிரி கசியத் தொடங்குகிறது. குழாய்களுக்குள் இருக்க வேண்டிய திரவத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை 10 நிமிடத்துக்குள் வெளியேறிவிடலாம். ரத்த அழுத்தம் சரிகிறது. இன்னொரு பக்கம் தொண்டை வீங்குகிறது, மூச்சுக்குழாய் சுருங்குகிறது.

இது எவ்வளவு வேகமாக நடக்கும்? பிரிட்டனில் இப்படி இறந்தவர்களின் விவரங்களை ஆராய்ந்து 2000-ல் வெளியான ஓர் ஆய்வு பல நாடுகளின் மருத்துவ வழிகாட்டிகளில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இதயமோ மூச்சோ நிற்பதற்கு ஆன நேரத்தின் நடு அளவு, உணவு ஒவ்வாமையில் 30 நிமிடம், குளவி, தேனீ போன்றவை கொட்டியதில் 15 நிமிடம், ஊசி மருந்துகளில் 5 நிமிடம் என்கிறது அது. ஆம்புலன்ஸ் வரும் நேரத்தையும் இந்த எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பள்ளிக்குள் செய்வதுதான் முக்கியம் என்பது புரியும்.

இது அதுதான்னு எப்படித் தெரியும்?

உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், கண் வீக்கம். இவை தெரிந்தால் யாருக்கும் சந்தேகம் வந்துவிடும். ஆனால் தீவிர எதிர்வினைகளில் 10 முதல் 20 சதவீதம் வரை தோலில் எந்த அறிகுறியும் இல்லாமலே வரும். குழந்தை திடீரென்று வாந்தி எடுக்கும். வயிறு வலிக்குது என்று சுருண்டு படுக்கும். விடாமல் இருமும். குரல் கரகரப்பாக மாறும். 'தொண்டையில ஏதோ அடைக்குது மிஸ்' என்று சொல்லும். முகம் வெளுத்து, தலை சுற்றி, சோர்ந்து போகும்.

நம்ம ஊர் பள்ளியில் இந்த அறிகுறிகளுக்கெல்லாம் ஏற்கனவே பெயர்கள் இருக்கின்றன. காலையில் பிரேயரில் மயங்கினால் 'சாப்பிடாம வந்திருப்பா'. வாந்தி எடுத்தால் 'பித்தம்', இல்லாவிட்டால் 'ஃபுட் பாய்சன்'. வெயில் காலமாக இருந்தால் வெயில் மேல் பழி போடலாம். பெரும்பாலான நாட்களில் இந்தக் கணிப்பு சரியாகவே இருக்கும் என்பதுதான் பிரச்சினை. ஒரு நாள் தவறாகப் போகும்போது நேரம் போய்விட்டிருக்கும்.

அதனால் மருத்துவர்கள் ஒரு கணக்கைச் சொல்கிறார்கள். தடிப்பு, வீக்கத்தோடு மூச்சுத் திணறலோ, மயக்கமோ, தொடர் வாந்தியோ சேர்ந்து வந்தால் அது அனாபிலாக்ஸிஸ். ஏற்கனவே ஒவ்வாமை என்று தெரிந்த பொருளைச் சாப்பிட்ட பிறகோ, பூச்சி கொட்டிய பிறகோ மூச்சுத் திணறலோ மயக்கமோ மட்டும் வந்தாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தடிப்பு வருதா பார்ப்போம் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு வகையும் உண்டு, அரிதானது. கோதுமை சாப்பிட்டால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஓடினால் மட்டும் ஒன்றும் ஆகாது. ஆனால் கோதுமை சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் ஓடினால் தடிப்பு, மயக்கம் என்று வரும். காலையில் ரவா உப்புமா, இரண்டாவது பீரியட் பி.டி. என்று இருக்கும் பள்ளியில் ஒரே மாணவர் திரும்பத் திரும்ப மைதானத்தில் மயங்கினால், இந்தக் கோணத்திலும் மருத்துவரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

அவில் ஏன் போதாது?

தமிழ்நாட்டில் அலர்ஜி என்றால் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அவில், அடுத்தது செட்டிரிசின். இரண்டும் ஹிஸ்டமினைத் தடுக்கும் மருந்துகள். தோல் அரிப்புக்கு நல்லவை. ஆனால் மாத்திரை வயிற்றுக்குள் போய் வேலை தொடங்கவே அரை மணி நேரம் ஆகலாம். அப்படி வேலை செய்தாலும் சரிந்த ரத்த அழுத்தத்தை அது தூக்காது, அடைத்த மூச்சுக்குழாயைத் திறக்காது. அரிப்பு குறைந்ததைப் பார்த்து 'சரியாயிடுச்சு' என்று பெஞ்சில் உட்கார வைத்துவிடுவது இன்னும் மோசம். ஸ்டீராய்டு ஊசி வேலை செய்ய மணிக்கணக்கில் ஆகும்.

இந்த நிலையில் உயிரைக் காப்பாற்றும் முதல் மருந்து ஒன்றே ஒன்றுதான்: அட்ரினலின். ரத்தக் குழாய்களைச் சுருக்கும், மூச்சுக்குழாயை விரிக்கும், மாஸ்ட் செல்கள் மேலும் கொட்டுவதையும் கட்டுப்படுத்தும். போட வேண்டிய இடம், தொடையின் நடுப்பகுதியில் வெளிப்புறத் தசை. கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பது குழந்தைகளுக்கான அளவு. 5 நிமிடத்தில் முன்னேற்றம் இல்லையென்றால் இன்னொரு முறை போடலாம்.

அட்ரினலின் என்றாலே ஐசியூ, இதயம் நின்ற நோயாளி, கடைசி முயற்சி என்று சினிமா பார்த்து ஒரு பயம் நம்மிடம் இருக்கிறது. சில கிளினிக்குகளிலும் இந்தத் தயக்கம் உண்டு. நரம்பில் வேகமாகச் செலுத்தினால்தான் அது ஆபத்தாகலாம். தொடைத் தசையில், சரியான அளவில் போட்டால் ஆரோக்கியமான குழந்தைக்குக் கொஞ்ச நேரம் படபடப்பு, கை நடுக்கம், முகம் வெளுப்பு வரும், பிறகு அடங்கிவிடும். தேவையில்லாமல் போட்டதால் வரும் சிரமத்தைவிட, தேவைப்பட்டபோது போடாததால் வரும் இழப்பு பல மடங்கு பெரிது. உலகின் எல்லா முக்கிய ஒவ்வாமை வழிகாட்டிகளும் இந்த விஷயத்தில் ஒரே பக்கம்தான் நிற்கின்றன.

பைக்கில் நடுவில் உட்கார வைக்காதீங்க

இது தமிழ்நாட்டுக்குன்னே சொல்ல வேண்டிய விஷயம். ஒரு குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் நாம் என்ன செய்வோம்? ஒரு சார் வண்டியை எடுப்பார், இன்னொருவர் பின்னால் ஏறுவார், குழந்தை நடுவில். அக்கறையோடுதான் செய்கிறோம். பல நேரங்களில் வேகமான வழியும் அதுதான். ஆனால் அனாபிலாக்ஸிஸில் ரத்தக் குழாய்களில் திரவமே குறைந்துபோயிருக்கும்போது உடம்பை நிமிர்த்தினால், இருக்கிற கொஞ்ச ரத்தமும் கால் பக்கம் இறங்கிவிடும். இதயத்துக்குத் திரும்பி வர ரத்தம் இருக்காது. படுத்திருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்த, நின்ற சில நொடிகளில் இதயம் நின்றுபோன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

அதனால் குழந்தையைத் தரையில் மல்லாந்து படுக்க வைத்து, கால்களைப் புத்தகப் பை மேல் தூக்கி வைக்கணும். மூச்சு ரொம்ப வாங்கினால் மட்டும் காலை நீட்டியபடி சாய்ந்து உட்கார வைக்கலாம். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்கணும். 'ஸ்டாஃப் ரூம் வரைக்கும் நடந்து வா', 'முகம் கழுவிட்டு வா' என்று அனுப்பக் கூடாது. மருந்துதான் குழந்தையிடம் வரணும். 108-க்கு அழைக்கும்போது 'மயக்கம்' என்று மட்டும் சொல்லாமல், 'கடுமையான அலர்ஜி, மூச்சு விட முடியலை' என்று சொல்வது நல்லது. ஆம்புலன்ஸ் வர வழியே இல்லை என்றால் காரின் பின் சீட்டில் படுக்க வைத்தபடி கொண்டு போகலாம்.

உணவு மட்டும்தானா? கதண்டையும் சேர்த்துக்கோங்க

வெளிநாட்டுச் செய்திகளைப் படித்தால் பள்ளி ஒவ்வாமை என்றாலே வேர்க்கடலைதான் என்று தோன்றும். நம்ம கிராமத்துப் பள்ளிகளில் கதண்டும் குளவியும் மலைத்தேனீயும் அதைவிடப் பழக்கமான ஆபத்து. 'கதண்டு கொட்டியதில் மாணவர்கள் மருத்துவமனையில் அனுமதி' என்பது அடிக்கடி நாம் போடும் செய்தி. பனை மரத்தில் கூடு, பழைய கட்டிடத்தில் கூடு, யாரோ கல்லெறிந்தார்கள், தீயணைப்பு வீரர்கள் வந்து கூட்டை அழித்தார்கள் என்று அந்தச் செய்தி முடிந்துவிடும்.

இதில் இரண்டு தனித்தனி ஆபத்துகள் இருக்கின்றன. நிறைய கதண்டு ஒரே நேரத்தில் கொட்டினால் விஷத்தின் அளவே உடம்பைப் பாதிக்கும், சிறுநீரகம் வரை போகும். அதற்கு ஒவ்வாமை இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. ஆனால் ஒவ்வாமை உள்ளவருக்கு ஒரே ஒரு கொட்டு போதும். பத்து பேரைக் கொட்டியதில் ஒன்பது பேர் வலியில் அழுதுகொண்டிருக்கும்போது, சத்தமில்லாமல் சுவரில் சாய்ந்து வெளுத்துப் போகும் பத்தாவது குழந்தையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சுண்ணாம்பு தடவுவது, வெங்காயம் தேய்ப்பது எதுவும் இந்தக் குழந்தைக்கு உதவாது.

மற்ற நாடுகளில் சட்டம் எப்படி வந்தது?

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 'சப்ரினா சட்டம்' என்று ஒன்று இருக்கிறது. 13 வயது சப்ரினாவுக்கு பால், வேர்க்கடலை, சோயா ஒவ்வாமை. 2003 செப்டம்பரில் பள்ளி கேன்டீனில் பிரெஞ்ச் ஃப்ரைஸ் வாங்கிச் சாப்பிட்டாள். அதில் பால் இல்லை. ஆனால் சீஸ் கலந்த இன்னொரு உணவை எடுத்த இடுக்கியால் அதையும் எடுத்ததாகக் கருதப்படுகிறது. தனக்கு ஆஸ்துமாதான் வந்திருக்கிறது என்று நினைத்து அலுவலகத்துக்கு நடந்து போனாள். அவளுடைய அட்ரினலின் ஊசி லாக்கரில் இருந்தது. ஓடிப்போய் எடுத்து வருவதற்குள் தாமதமாகிவிட்டது. அதன் பிறகு வந்த சட்டம் 2006 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளி நிர்வாகமும் அனாபிலாக்ஸிஸ் கொள்கை வைத்திருக்க வேண்டும், ஒவ்வாமை உள்ள ஒவ்வொரு மாணவருக்கும் தனித் திட்டம் வேண்டும், ஊழியர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி வேண்டும்.

அமெரிக்காவின் விர்ஜீனியாவில் 2012 ஜனவரியில் 7 வயதுச் சிறுமி ஒருத்தி, விளையாட்டு நேரத்தில் இன்னொரு குழந்தை கொடுத்த வேர்க்கடலையைச் சாப்பிட்டு இறந்தாள். அவள் பெயரில் பள்ளியில் அட்ரினலின் இல்லை. அதே ஆண்டு, யார் பெயருக்கும் இல்லாமல் பொதுவாகவே பள்ளிகள் அட்ரினலின் வைத்திருக்க வேண்டும் என்று அந்த மாநிலம் சட்டம் போட்டது. இப்படிச் சட்டம் போடும் மாநிலங்களுக்கு நிதியில் முன்னுரிமை என்ற மத்திய சட்டத்தில் 2013 நவம்பரில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். தன் மகளுக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை இருப்பதை அப்போது அவர் குறிப்பிட்டார்.

யார் பெயருக்கும் இல்லாத ஊசி ஏன் முக்கியம்? மசாசூசெட்ஸ் மாகாணப் பள்ளிகளில் அட்ரினலின் போடப்பட்ட சம்பவங்களை ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குத் தனக்கு ஒவ்வாமை இருப்பதே அதுவரை தெரியாது. அவர்களிடம் சொந்த ஊசி எப்படி இருக்கும்?

பிரிட்டன் 2017 அக்டோபர் 1 முதல் பள்ளிகள் மருத்துவர் சீட்டு இல்லாமலே உபரி ஊசிகளை வாங்கி வைக்கலாம் என்று அனுமதித்தது. லண்டன் மாணவன் இறந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஆனால் அது 'வைக்கலாம்' என்ற சட்டம், 'வைக்கணும்' என்ற சட்டம் அல்ல. 2021 டிசம்பரில் இங்கிலாந்தில் 5 வயதுச் சிறுவன் ஒருவன் பள்ளியில் அனாபிலாக்ஸிஸால் இறந்தான். பசும்பால் புரதம் தவறுதலாக அவனுக்குள் போயிருக்கிறது என்று 2025 ஜூலையில் விசாரணை ஜூரி முடிவு சொன்னது. கட்டாயச் சட்டம் வேண்டும் என்ற குரல் அங்கே பலமாக எழுந்தது இந்த மரணத்துக்குப் பிறகுதான்.

பள்ளியில் வேர்க்கடலையையே தடை செய்துவிட்டால்? கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் 2021-ல் வெளியான சர்வதேச வழிகாட்டி, ஒட்டுமொத்தத் தடைகள் பலன் தருவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்கிறது. ஊழியர் பயிற்சி, தனித் திட்டம், கையில் அட்ரினலின் ஆகியவற்றைத்தான் அது முன்வைக்கிறது. தடை போட்ட பள்ளியில் 'இங்கே ஆபத்தே இல்லை' என்ற நினைப்பும் சேர்ந்து வந்துவிடும்.

தமிழ்நாட்டில் நிலைமை என்ன?

இந்தியாவில் பள்ளிகள் அட்ரினலின் வைத்திருக்க வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டம் இல்லை. தொடையில் அழுத்தினால் தானாகவே மருந்தைச் செலுத்தும் பேனா வடிவ ஊசி இங்கே மருந்துக் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருளும் இல்லை. தேவைப்படும் குடும்பங்கள் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கிறது. விலையும் கையைக் கடிக்கும். அமெரிக்காவிலேயே இரண்டு பேனா கொண்ட ஒரு பெட்டி 2016-ல் சுமார் 600 டாலரைத் தொட்டு, நாடாளுமன்ற விசாரணை வரை போனது. ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் காலாவதியாகும் பொருளுக்கு இந்த விலை.

ஆனால் மருந்து விலை உயர்ந்ததில்லை. அட்ரினலின் ஆம்பூல் மலிவானது, நாட்டின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது, அரசு மருத்துவமனைகளில் இருப்பது. ஆம்பூலை உடைத்து, சிரிஞ்சில் சரியான அளவு எடுத்து, பதற்றத்தோடு போடுவதுதான் பிரச்சினை. கனடாவில் 2001-ல் நடந்த ஆய்வில் பெற்றோரிடம் இதைச் செய்யச் சொன்னபோது மருந்தை எடுக்கவே சராசரியாக 2 நிமிடத்துக்கு மேல் ஆனது. எடுத்த அளவுகளும் ஒருவருக்கொருவர் 40 மடங்கு வரை வேறுபட்டன. ஒரு கணக்கு டீச்சரிடம் இதை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கொரோனா தடுப்பூசி போட்டதும் 'அரை மணி நேரம் உட்காருங்க' என்று சொன்னார்களே, அது அனாபிலாக்ஸிஸ் வந்தால் கவனிக்கத்தான். தடுப்பூசி போடும் இடங்களில் 'அனாபிலாக்ஸிஸ் கிட்' இருக்க வேண்டும் என்பது இந்தியாவில் ஏற்கனவே விதி. அட்ரினலின் ஆம்பூல்கள், சின்ன சிரிஞ்சுகள், வயது வாரியாக எவ்வளவு போட வேண்டும் என்ற அட்டவணை எல்லாம் அதில் இருக்கும். மருத்துவர் வரும் முன் ஒரு டோஸ் போட கிராம சுகாதார செவிலியர்களுக்கு அனுமதியும் பயிற்சியும் உண்டு. 10 வயதிலும் 16 வயதிலும் போடும் டி.டி. ஊசிக்காகச் செவிலியர் பள்ளிக்கு வரும் நாளில் அந்தக் கிட்டும் பள்ளிக்கு வருகிறது. அன்று மாலை அவரோடு திரும்பிப் போய்விடுகிறது.

அதாவது பொருள் இருக்கிறது, அட்டவணை இருக்கிறது, பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள், பள்ளி வளாகத்துக்குள் அவர்கள் வந்துபோகும் வழியும் இருக்கிறது. அதை ஆண்டு முழுவதும் பள்ளியில் அல்லது பள்ளிக்குப் பக்கத்தில் வைத்திருக்க ஓர் அரசாணை தேவை. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பள்ளிக்குப் பெரிய வித்தியாசம் இருக்காது. மலைக் கிராமத்துப் பள்ளிக்கு இதுதான் எல்லாமே.

வெப்பமும் ஒரு சிக்கல். அட்ரினலினை வெளிச்சம் படாமல், 25 டிகிரிக்கு மேல் போகாமல் வைக்கச் சொல்கிறார்கள். மே மாதம் பூட்டிக் கிடக்கும் ஹெச்.எம். அறை பீரோவில் அது முடியாது. நிறம் பழுப்பாக மாறியிருந்தால் மருந்து கெட்டுவிட்டது. யார் மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்துப் போடுவது என்று எழுதி வைக்காவிட்டால் லண்டன் பள்ளிக்கு நேர்ந்ததுதான் இங்கேயும் நேரும். ஊசியே இல்லாமல் மூக்கில் அடிக்கும் அட்ரினலின் ஸ்ப்ரேவுக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்காவும், 2025-ல் பிரிட்டனும் அனுமதி கொடுத்திருக்கின்றன. ஆசிரியர்களின் ஊசி பயத்துக்கு அது நல்ல தீர்வாக இருக்கும்.

'நாங்க போட்டு ஏதாவது ஆயிட்டா?'

ஆசிரியர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. விபத்தில் உதவுபவர்களைப் பாதுகாக்கும் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு சாலை விபத்துக்கு மட்டும்தான். பாரதிய நியாய சன்ஹிதாவின் 30-வது பிரிவு, ஒப்புதல் வாங்க நேரமில்லாத நிலையில் ஒருவரின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 92-வது பிரிவுதான் இது. நீதிமன்றத்தில் நிற்கும்போது இது கைகொடுக்கலாம். ஆனால் ஒரு குழந்தை கண் முன்னால் சரியும்போது சட்டப் பிரிவை நம்பி யாரும் ஊசியை எடுக்க மாட்டார்கள். 'இந்த அறிகுறி வந்தால் இதைச் செய்யுங்கள், பொறுப்பு துறையுடையது' என்று எழுத்தில் ஒரு சுற்றறிக்கை இருந்தால்தான் கை நீளும். வெளிநாட்டுச் சட்டங்கள் பலவும் ஆசிரியருக்கான பாதுகாப்பைச் சேர்த்தே எழுதப்பட்டது இதனால்தான்.

பள்ளிகள் இப்போதே என்ன செய்யலாம்?

அரசாணை வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகளும் இருக்கின்றன. சத்துணவில் முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் கொடுக்கும் ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது. விருப்பத்துக்காக வந்த ஏற்பாடு, ஒவ்வாமைக்கும் அப்படியே பொருந்தும். ஆனால் முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தையின் பெயர் சத்துணவு அமைப்பாளருக்குத் தெரிய வேண்டும். வாரத்தில் வரும் கொண்டைக்கடலை, பாசிப்பயறு சுண்டலுக்கும் இதேதான். இந்தியக் குழந்தைகளில் கொண்டைக்கடலை ஒவ்வாமை பதிவாகியிருக்கிறது. சமைப்பவர் கரண்டியைத் தனியாக வைப்பாரா என்பது, சப்ரினா கதையைக் கேட்ட பிறகு சின்ன விஷயமாகத் தெரியாது.

ஜூனில் சேர்க்கை விண்ணப்பத்தோடு ஒரே ஒரு தாள் போதும். எது ஒவ்வாமை, முன்பு என்ன ஆனது, எந்த மருத்துவர், யாருக்கு போன் செய்வது. 'ஒத்துக்காது' என்று எழுதினால் 'சாப்பிட்டா என்ன ஆகும்?' என்று திருப்பிக் கேட்கணும். அந்தத் தாள் பீரோவுக்குள் போகாமல் வகுப்பாசிரியர், பி.டி. சார், சமையலறை, பள்ளி வேன் டிரைவர் எல்லோருக்கும் தெரியணும். பிறந்தநாள் சாக்லேட் கொடுக்கும் நாளில் மாற்று ஆசிரியர் வந்திருந்தால் அவருக்கும். சக மாணவர்களிடமும் பேசணும். ஒவ்வாமை உள்ள பையனை நண்டு காட்டிப் பயமுறுத்துவது வகுப்புக்கு வகுப்பு நடக்கும் விளையாட்டுதான். லண்டனில் சீஸை வீசியவனும் விளையாட்டாகத்தான் வீசினான்.

ஒவ்வாமை தெரிந்த குழந்தையின் பெற்றோர், மருத்துவரிடம் அட்ரினலின் பற்றி வாய்விட்டுக் கேட்பது நல்லது. பேனா கிடைக்காத நிலையில், சரியான அளவை முன்கூட்டியே சிரிஞ்சில் நிரப்பி, காலாவதி தேதி எழுதி, சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றும் முறையைச் சில நிபுணர்கள் பரிந்துரைக்கிறார்கள். இதை மருத்துவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும், யூடியூப் பார்த்து அல்ல.

மருத்துவமனைக்குப் போய் சரியான பிறகும் வேலை முடியவில்லை. 100-ல் சுமார் 5 பேருக்கு, மறுபடி எதுவும் சாப்பிடாமலே, சில மணி நேரம் கழித்து எதிர்வினை திரும்ப வரும். அதனால் தெளிவாக இருக்கிறாளே என்று உடனே வீட்டுக்கு அழைத்து வராமல், மருத்துவர் சொல்லும் நேரம் வரை கண்காணிப்பில் இருக்கணும். டிஸ்சார்ஜ் சீட்டில் 'அலர்ஜி' என்று மட்டும் இல்லாமல், அனாபிலாக்ஸிஸ் என்பதையும் எதனால் என்று சந்தேகிக்கிறார்கள் என்பதையும் எழுதி வாங்கணும். தோல் பரிசோதனையை வழக்கமாக 4 முதல் 6 வாரம் கழித்துத்தான் செய்வார்கள், ஏனென்றால் உடனே செய்தால் ஒவ்வாமை இல்லை என்று தவறாகக் காட்டலாம். அதுவரை சந்தேகப் பட்டியலில் உள்ள எதையும் தொடக்கூடாது. அந்தச் சீட்டின் நகல் ஒன்று, குழந்தை மறுபடி வகுப்புக்குப் போகும் முதல் நாளே பள்ளிக்குப் போய்ச் சேரணும்.